வருஷத்துக்கு ஒரு வாரம் ஆரோக்கியம்

போன மாதம் எண்ணூர் பக்கத்தில் ஒரு சரக்கு முனையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் துறைமுகத்தில் கிரேன் டிரைவராக இருந்து ரிட்டையரானவன். பெயர் இன்னாசி, ராயபுரம். அன்றைய தலைப்பு ‘செல்ஃப் கேர்’. அதாவது அவரவர் உடம்பை அவரவர் பார்த்துக்கொள்வது. இதற்குக் கூட்டம் போட்டு, ஏசி போட்டு, நடுவில் சமோசாவும் கொடுத்தார்கள்.

கூட்டத்தை நடத்திய பெண் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டது. “உங்களுக்காக நீங்க என்ன செஞ்சுக்கறீங்க?” ஒரு பையன் ஜிம்முக்குப் போகிறானாம். இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைக்கிறானாம். மீசை கூட சரியாக முளைக்காத ஒருத்தன் முகத்துக்கு ஏதோ களிமண் பூசுகிறேன் என்றான். என் முறை வந்ததும், “பாகற்காய் ஜூஸ்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, “சூப்பர் அங்கிள், ஹெல்தி ஹேபிட்” என்று சொல்லி அடுத்தவனைக் கேட்கப் போய்விட்டது. அந்த ஜூஸ் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்ல விடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுபிடி வேலைக்குக் கலாசியாகச் சேர்ந்தது, கிரீஸ் டப்பா தூக்கியது, ஹெல்பராக ஏணி ஏறியது, டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டது, இதெல்லாம் யாருக்கும் வேண்டாத கதை. ஒரு வழியாகக் கேபினில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்காதே என்பதுதான். மேலே கக்கூஸ் கிடையாது. ஒன்றுக்கு வருகிறது என்று இறங்கினால், கீழே கப்பலிலும் லாரியிலும் நிற்கிற கேங்கு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும். நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், நம் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் வரிசையாக விசாரிப்பார்கள். அதனால் நாக்கு வறண்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்போம். கிட்னியில் கல் இல்லாத கிரேன் டிரைவரை நான் பார்த்ததில்லை.

ஒரு கிரேனுக்கு இரண்டு டிரைவர். ஒருத்தன் மேலே இருக்கும்போது இன்னொருத்தன் கீழே ஓய்வில் இருப்பான். என் ஜோடி கஜேந்திரன், வியாசர்பாடிக்காரன். கஜா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். குரலைக் கேட்டால் சண்டைக்கு வருகிறவன் மாதிரி இருக்கும், ஆனால் கிரேன் லீவரில் அவன் கை பட்டால் அப்படி ஒரு பக்குவம். மரத் தடிகளைக் கட்டாகக் கட்டி லாரியில் இறக்கினால் லாரிக்காரனுக்கே தெரியாது. அவனோடு ஜோடி போட எனக்குப் பெருமைதான், ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எங்கள் ஃபோர்மேன் தாமோதரன் என்று ஒரு மனுஷன். எல்லாரும் மேஸ்திரி என்போம். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கிரேன் காலடியில் ஏணி தொடங்குகிற இடத்தில் வந்து நிற்பார். ஏறப் போகிறவனை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுப்பார். “கொஞ்சம் ஊதிக் குடுப்பா, தூசியா கீது.” ஊதணும். இரண்டு கண்ணாடியிலும், பக்கத்தில் நின்று, வாயைத் திறந்து ஊதணும். வாங்கி, வேட்டி நுனியில் துடைத்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பார். ராத்திரி போட்ட சரக்கு வாடை வந்தால், “நீ இன்னிக்கி கீழயே குந்து” என்பார், அவ்வளவுதான். அசிங்கப்படுத்த மாட்டார், புகார் எழுத மாட்டார். அந்த மனுஷனுடைய கண்ணாடி மாதிரி சுத்தமான கண்ணாடி ஹார்பருக்குள் வேறு யாரிடமும் கிடையாது.

இனி மெடிக்கலுக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்பென்சரியில் எங்களுக்குப் பரிசோதனை. கண், ரத்தம், பிரஷர், சர்க்கரை. ‘ஃபிட்’ என்று முத்திரை விழுந்தால் கேபின். விழாவிட்டால் டூல் ரூம். ஷெட்டுக்குப் பின்னால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற இடம் அது. டூல் ரூமுக்குப் போன கிரேன் டிரைவரைப் பார்த்து, செத்த வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரித்தான் பேசுவார்கள். அங்கே போவதற்குச் சாகலாம் என்று கஜா வாய் விட்டே சொல்வான்.

அதனால் மெடிக்கலுக்கு முந்தின ஒரு வாரம் எங்களை மாதிரி ஆரோக்கியமான கூட்டத்தை மெட்ராஸ் பூராவும் தேடினாலும் கிடைக்காது. சரக்கு கிடையாது, பீடி கிடையாது, கருவாடு கிடையாது. வீட்டுக்கு வீடு பாகற்காய், வெந்தயம், உப்பில்லாத குழம்பு. எங்கள் சர்ச்சுக்காரர்கள் தவக்காலத்தில் கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கஜா வகையறாவோ மாலை போட்ட சாமி மாதிரி ஒழுக்கமாகத் திரிவார்கள். காலையில் கடற்கரையில் நடை வேறு. டீக்கடைக்காரர் அந்த வாரம் முழுக்கக் கப்பல் நிற்கிற வார்ஃபுக்குச் சர்க்கரை போடாத டீதான் கொண்டு வருவார். “இந்த ஒரு வாரந்தான் எம்புருசன் மன்சனா வூட்டுக்கு வர்றாரு, மாசாமாசம் மெடிக்கல் வைக்கச் சொல்லுங்க” என்று கஜாவின் பெண்டாட்டி வசந்தா என் பெண்டாட்டி ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரிக்கும்.

முத்திரை விழுந்த மறு நிமிஷம் நோன்பு முடிந்தது. மதியம் கேங்கோடு பிரியாணிக் கடைக்குப் போவோம், ராத்திரி மற்றதும் நடக்கும். பிரியாணிக்கு வயிறு காலியாக இருக்கணும் என்று ரத்தம் கொடுத்த பிறகும் என்னைத் தவிர எவனும் நாஷ்டா சாப்பிட மாட்டான். அது ஒரு கௌரவம். உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் எங்களுக்கு டாக்டரிடம் காட்டுவதற்கு ஒரு உடம்பைத் தயார் செய்வது. மீதி வருஷம் முழுக்க நாங்கள் குடியிருந்த உடம்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, எங்களுக்கும்தான்.

கஜாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது எனக்கு மட்டும் தெரியும். டோல்கேட் பக்கம் யாருக்கும் அவனைத் தெரியாத மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவான். நினைப்பு வந்தால் போடுவான், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் என்னிடம், “மாமு, நான் எப்பனா கலங்கிப் போயி ஒளற்னேன்னு வையி, வாய்ல சக்கரயப் போட்டுடு. யார்ட்டயும் மூச்சு வுடாத” என்றான். அவனுடைய ஒரே பயம் டூல் ரூம்தான். செத்துப்போவதைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷ மெடிக்கலுக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு கஜா சாப்பாட்டை நிறுத்திவிட்டான். காலையில் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டான். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ரிசல்ட்டைப் பார்ப்பார், முத்திரை குத்துவார், “உடம்பப் பாத்துக்கப்பா” என்பார். அது எல்லாருக்கும் சொல்வது. கஜாவின் ரிசல்ட்டைப் பார்த்து மட்டும், “வெரி குட், பையன் மாதிரி வச்சிருக்கியே” என்று பாராட்டினார். பாராட்டாமல் என்ன செய்வார், ரத்தத்தில் சர்க்கரை இருந்தால்தானே.

வெளியே வந்ததும் நான் கட்டி வந்திருந்த இட்லியைப் பிரித்து நீட்டினேன். “அடச் சீ, எட்து உள்ள வையி. மத்தியானம் பிரியாணி துன்னணும்” என்றான். அன்றைக்கு மரம் ஏற்றி வந்த ஒரு கப்பல் அவசரமாகக் காலியாக வேண்டியிருந்தது. “நான்தான் மொதல் ஆளா ஏறுவேன்” என்று கஜா போனான். மேஸ்திரி கண்ணாடியைக் கொடுத்தார். கஜா வாயைத் திறந்து அமர்க்களமாக ஊதினான். மேஸ்திரி முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னாடா, கொயந்த மாரி கீற” என்று தட்டிக் கொடுத்து அனுப்பினார். வருஷம் பூராவும் கெட்டுத் திரிந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுத்தபத்தமாக வந்த அன்றைக்குத்தான் எமன் அவனோடு சேர்ந்து ஏணி ஏறினான்.

கொஞ்ச நேரம் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. நான் கீழே ஷெட் நிழலில் இட்லியைத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு தடிக் கட்டு கப்பலிலிருந்து வெளியே வந்து லாரிக்கு மேலே நின்றது. சிக்னல் கொடுக்கிறவன் இறக்கச் சொல்லிக் கையை ஆட்டினான். இறங்கவில்லை. மறுபடியும் ஆட்டினான், விசில் அடித்தான். கட்டு அப்படியே திரும்பி, வந்த வழியே கப்பலுக்கு மேலே போக ஆரம்பித்தது. அங்கே கப்பலின் வயிற்றில், சரக்குக் கிடங்கின் அடியில் ஆட்கள் தடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். கிரேன் நிற்பதும் வெட்டி வெட்டி இழுப்பதுமாக இருந்தது. கஜாவின் கை அது இல்லை. இட்லியைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடினேன்.

கேபினில் அவன் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கையும் லீவரில் இருந்தது. என்னைப் பார்த்தான், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை.

“கஜா, கைய எடுறா!”

“யார்ரா நீ? நான் ஃபிட்டு. டாக்டரே குத்திக் குட்த்துட்டாரு. பிரியாணி வந்துகினு கீது, நீ எறங்கு.”

சிவப்பு பட்டனை அடித்தேன். கரண்ட் போய், பிரேக் பிடித்து, கிரேன் நின்றது. கட்டு கிடங்குக்கு மேலேயே ஆடிக்கொண்டு தொங்கியது. கஜா என் மூஞ்சியில் ஒன்று விட்டான் பாருங்கள், பல் ஆடிப்போனது. அவன் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். “சக்கர! கஜாக்கு சக்கர எறங்கிப் போச்சி! எவன்னா சக்கர குட்த்து வுடுங்கடா!”

வார்ஃபு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்துக் கப்பலில் கூடக் கேட்டிருக்கும்.

ஒரு கலாசி டீ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். வாயில் ஊற்றிய பிறகுதான் உறைத்தது, மெடிக்கல் வார டீ, அதில் சர்க்கரை இல்லை. கீழே ஒருத்தன் பாக்கெட்டிலும் ஒரு மிட்டாய் கூட இல்லை. அத்தனை பேரும் ஆரோக்கியமாக நின்றுகொண்டிருந்தார்கள். கஜாவின் தலை தொங்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதாவே, இவனை இப்படி வெறும் வயிற்றோடு கொண்டுபோய்விடாதே என்று வேண்டினேன்.

அப்போது ஏணியில் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரி. அந்த வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சர்க்கரை. விரலை நனைத்து, சர்க்கரையைத் தொட்டு, கஜாவின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுத் தேய்த்தார். “அவசரப்பட்டு ஊத்திடாத, பொரை ஏறிடும். இப்டித்தான் தேக்கணும்” என்று என்னிடம் சொன்னார். எத்தனையோ தடவை செய்தவர் மாதிரி, நிதானமாக, மறுபடி மறுபடி தேய்த்தார். பொட்டலம் காலியாகும்போது கஜா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான்.

“இன்னா மேஸ்திரி, நீ மேல இன்னா பண்ற?”

அவன் தெளிந்த பிறகு நான் உட்கார்ந்து, தொங்கிய தடிக் கட்டை லாரியில் இறக்கினேன். இந்தத் தடவை லாரிக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

கீழே வந்ததும் கேங்கு சூழ்ந்துகொண்டது. வெயிலில் மயக்கம் என்று சொல்லிவிடலாம், ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டோம் என்றார்கள். கிடங்கின் அடியில் நின்றிருந்தவர்களே அப்படிச் சொன்னார்கள். அதுதான் எங்கள் ஆட்கள். கஜா மேஸ்திரி காலைப் பிடித்துக்கொண்டான். “நைனா, சொல்லிடாத. கிரேன வுட்டா எனுக்கு ஒண்ணியும் தெரியாது. டூல் ரூம்ல குந்த வெச்சிடாத நைனா.” நான் அவனைத் தூக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டான்.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி, அன்றைக்குத் தானே ஊதித் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார். “என் பையில சக்கர எப்டிடா வந்துச்சி? ஒருத்தனாவது கேட்டீங்களா?”

காலைப் பிடித்திருந்த கஜா கையை விட்டான்.

“இத்தினி வர்சமா நான் உங்க வாய மோந்து பாத்துகினு கீறேன். என் வாய மோந்து பாக்க ஒரு ஆள் இல்ல. நானும் மெடிக்கலுக்கு மெடிக்கல் பாகக்கா துன்னவன்தான்” என்றார். கஜாவின் தோளைப் பிடித்து எழுப்பினார். “வா, ரெண்டு பேரும் போலாம். நீ தனியாப் போவாத.”

சாட்சிக்கு நானும் டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து பார்த்தார். “காலையிலதானேய்யா வெரி குட்னு எழுதினேன்?” என்று கஜாவைக் கேட்டார். மேஸ்திரி தன் விஷயத்தையும் சொன்னார். “உங்களுக்கு எத்தனை வருஷமா சர்க்கரை?” என்று டாக்டர் கேட்டதற்கு மேஸ்திரி மரியாதையாக, “நீங்க ஃபிட்னு குத்தின எல்லா வர்சமும்தான் சார்” என்றார். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

கஜா டூல் ரூமுக்குப் போனான். மேஸ்திரியை வார்ஃபிலிருந்து ஆபீசுக்கு மாற்றினார்கள். ஃபேனுக்கு அடியில் உட்காருவது அவருக்கு ஜெயில் மாதிரிதான் இருந்திருக்கும், ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏணிக்கு அடியில் புதிதாக வந்த ஃபோர்மேன் ஊதுகிற மிஷின் வைத்திருந்தார்.

கஜா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். மேஸ்திரி மேல் அவனுக்குக் கோபம் இல்லை, கோபமெல்லாம் என் மேல்தான். “அவன் பட்டன அமுத்திட்டு, கம்முனு எறங்கி வந்து சக்கர வாங்கினு போயிருக்கலாம்ல? மைக் செட்டு வெச்ச மாரி ஊருக்கே கத்தினான், பேமானி” என்று எல்லாரிடமும் சொன்னானாம். நான் இறங்கி ஏறுவதற்குள் அவன் போய்ச் சேர்ந்திருப்பான் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. ஸ்பானர் வாங்கப் போனால் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் தள்ளுவான். ஜோடியாக அத்தனை வருஷம் இருந்தவன் அப்படிச் செய்தால் சோறு இறங்குமா? எனக்கு இறங்கவில்லை.

எனக்கு அப்புறம் ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. மேலே உட்கார்ந்திருக்கும்போது வேர்த்தால், இது வெயிலா வேறு ஏதாவதா என்று பயம். கை நடுங்குகிறதா என்று பார்ப்பேன், பார்ப்பதனாலேயே நடுங்கும். கீழே நிற்கிறவர்களின் தலை மட்டும் கண்ணில் படும். மாசக்கணக்கில் இப்படி ஓட்டினேன்.

அடுத்த மெடிக்கல் வாரம் வந்தது. கேங்கு திருந்தியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், எங்கள் கேங்கை உங்களுக்குத் தெரியவில்லை. அதே நோன்பு, அதே கடற்கரை நடை, அதே டீ. ஒரே ஒரு முன்னேற்றம், எல்லாரும் பாக்கெட்டில் மிட்டாய் வைத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாவும் பாகற்காய் நறுக்க உட்கார்ந்தாள். “எனக்கு வேணாம். வழக்கமா என்ன உண்டோ அதைப் போடு” என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தைரியம், நேர்மை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பயம். என் உடம்பில் நிஜமாக என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்னொரு வருஷம் அந்த ஏணியில் ஏற என்னால் முடியாது, அவ்வளவுதான்.

வழக்கமாகத் தின்றுவிட்டு, வழக்கமாகத் தூங்கி, போய் ரத்தம் கொடுத்தேன். பிரஷரும் சர்க்கரையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறியிருந்தது. டாக்டர் முத்திரையைக் கையில் எடுக்கவே இல்லை, மாத்திரைதான் கொடுத்தார். கேங்கு ஆட்கள் வாசலில் நின்றார்கள். “ஒரு வாரம் வாயக் கட்டத் தெர்லியா ஒனுக்கு?” என்று திட்டினார்கள். யாரும் மோசமாகச் சொல்லவில்லை, என் மேல் இருக்கிற பாசத்தில்தான் திட்டினார்கள். அவர்கள் பிரியாணிக் கடைக்குப் போனார்கள். நான் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

டூல் ரூம் வாசலில் நின்றேன். கஜா ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். “இன்னா வோணும்?” என்றான், சுவரைப் பார்த்து.

“ஒண்ணும் வேணாம். எனக்கு இங்கதான் டூட்டி.”

கையில் இருந்த துணியைக் கீழே போட்டான். என்னை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மேஜையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். எனக்கும் தொற்றிக்கொண்டது.

“ஒரு வர்சமா உன்ன எப்டி திட்லாம்னு யோசன பண்ணினு கீறேன், கய்தே. அல்லாத்தையும் வேஸ்ட் பண்ணிட்டியே. சக்கரயா, பிரசரா?”

“ரெண்டும்டா.”

“இம்மாம் பெரிய ஆளா நீயி! எனுக்கு ஒண்ணுதான் குட்த்தாங்க.”

சிரிப்பு அடங்கியதும் மேஜைக்கு அடியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தான். கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும். அவன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். அடையைப் பாதியாகப் பிய்த்து மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினான். அப்புறம் சாப்பிடுகிறேன், இப்போது பசி இல்லை என்றேன்.

“பசிச்சா துன்றது மேல கீறவனுக்கு” என்றான் கஜா. “கீய கீறவன் டயத்துக்குத் துன்னணும். குந்து, துன்னு. துன்ட்டு மாத்தர போடு, நான் பாக்கணும்.”